நெற்றியில் பட்ட கை

அத்தியாயம் பதினொன்று

ஜூன் 12, 2019. புதன்கிழமை.

நேற்றைய பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அக்காவின் தங்கும் அனுமதி முடிய இன்னும் பதினொரு நாள் என்று எழுதியிருந்தேன். இன்று காலை காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். நேற்றோடு சேர்த்து எண்ணிவிட்டது தெரிந்தது. நேற்று பத்து. இன்றைக்கு ஒன்பது.

ஒரு நாள்தான். ஆனாலும் இந்த நேரத்தில் ஒரு நாளைத் தவறவிடுகிறவள் வேறு எதையெல்லாம் தவறவிட்டிருப்பாள் என்று பயமாக இருக்கிறது. அதனால் இதுவரை நடந்ததை ஒரு முறை வரிசையாக எழுதிக்கொள்கிறேன்.

என் அக்கா ஜோவெலின் நாலு வருஷமாகத் தெற்குச் சீனாவின் ஃபோஷானில் ‘ஒன்பது மேகங்கள்’ மழலையர் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஆனால் அவளுடைய வேலை அனுமதி அட்டையில் அந்தப் பள்ளியின் பெயர் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. பதவி, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க எந்தெந்த நாட்டு பாஸ்போர்ட் செல்லும் என்று ஒரு பட்டியல் உண்டு. எங்கள் பிலிப்பைன்ஸ் அதில் கிடையாது. எங்கள் ஊர் இலோய்லோவில் விமானம் ஏறியபோது அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்தபோது பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது.

இப்போது வேறொரு பள்ளி அவளைச் சங்கீத டீச்சராக எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அவள் படித்ததே அதுதான். சொந்தப் பெயரில், சொந்த வேலைக்கு, முறையான அட்டை. ஊழியர்களின் பிள்ளைக்கு அங்கேயே படிக்க இடமும் உண்டு. இரண்டு வயதில் ஊரில் விட்டுவந்த மகள் ரிக்காவை ஆகஸ்டில் கூட்டிவந்துவிடலாம். அக்காவின் பேரில் எந்த வழக்கும் பதியாமல் 21ஆம் தேதிக்குள் மாறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

திங்கள்கிழமை குடிவரவு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். புதன் பத்து மணிக்கு பாஸ்போர்ட்டோடு வர வேண்டும். திங்கள்கிழமைப் பக்கம் அங்கேதான் முடிந்தது.

நான் நெரிஸா. வயது இருபத்துமூன்று. மாணவர் விசாவில் வந்து, தொழிற்கல்லூரியின் மாலை வகுப்பில் சீன மொழி படிக்கிறேன். வகுப்புக்காக ஒரு பச்சை நோட்டில் தினமும் சீனத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்த நோட்டு எனக்காக, எங்கள் மொழியில்.

மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது. இதைத் தனி வரியாக எழுதுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

காலையில் அத்தான் மூங்கில் இலைச் சோற்றுப் பொட்டலங்களை ஆவியில் வைத்திருந்தார். படகுத் திருவிழாவுக்குப் பள்ளித் தலைவி லியாவ் மேடம் கொடுத்தனுப்பியவை. ஐந்து நாளாக அதைத்தான் தின்கிறோம். அத்தான் பெயர் வில்மர். அக்காவின் அனுமதியில் தொற்றிக்கொண்டு இருப்பவர். அவருக்கும் வேலை செய்ய வழியில்லை. வீட்டுச் சமையல், வீட்டுச் சிரிப்பு, இரண்டும் அவர் பொறுப்பு.

அவர் சோற்றுக் கரண்டியை மைக் மாதிரி அக்காவின் முன்னால் நீட்டினார்.

“நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்னா என்னம்மா வேலை பாப்பீங்க?”

“நிகழ்ச்சிய ஒருங்கிணைப்பேன்.”

“எந்த நிகழ்ச்சி?”

அக்கா இலையைப் பிரித்துக்கொண்டே யோசித்தாள். “உங்க தங்கச்சியோட மூணாவது நிச்சயதார்த்தம்.”

“இப்படி பதில் சொன்னா இன்னிக்கே பிளேன் ஏத்திருவாங்க.”

“ஏத்தினா ஜன்னல் சீட்டா கேளுங்க.”

அதற்கு மேல் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆலோசனை நிறுவன மேலாளர் போனில் சொல்லிக்கொடுத்த பதில்களை ஒருமுறை சொல்லச் சொன்னார். நான் நிறுவனத்தின் ஊழியர். கலாசார விழாக்களுக்குத் திட்டம் போட்டுத் தருகிறேன். அந்த மழலையர் பள்ளிக்கு விழாவுக்காக இரண்டு முறை போயிருக்கிறேன். மூன்றே வாக்கியம். அக்கா தடுமாறாமல் சொன்னாள். பொய் சொல்வதில் அவளுக்குப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. நாலு வருஷமாக அது அவளுடைய வேலையில் ஒரு பாகம்.

சோதனைக்கு ஆள் வரும் நாளில் பள்ளியின் போன் குழுவில் ‘இன்று செடிக்குத் தண்ணீர்’ என்று செய்தி வரும். உடனே அக்கா ஏப்ரனைக் கழற்றிவிட்டு, சமையலறைக் கதவு வழியாக வெளியேறி, எதிர்க் கடையில் சோயாப்பால் குடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இதுவரை பதினேழு முறை. சோயாப்பால் வாசனை வந்தாலே இப்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அக்காவுக்குத் தெரிந்த சீனம் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பேசக் கூடிய சீனம். அதனால் நானும் கூடப் போனேன்.

மழை. அலுவலகக் கூடத்தில் நுழைந்தபோது பத்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. கோடை விடுமுறைக்கு ஹாங்காங் போகிறவர்கள் நுழைவு அட்டைக்காகக் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். போட்டோ எடுக்கும் பெட்டியிலிருந்து ஒரு குழந்தை அழுதுகொண்டே வெளியே வந்தது. பிள்ளைகள் உள்ளவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் இந்தக் கூடத்தில்தான் இருப்பார்கள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைய இரண்டாவது தப்பு இது. இதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். அவ்வளவு சின்னது இல்லை.

எங்களை அழைத்தது வரிசைகளை ஒட்டிப் போட்டிருந்த ஒரு மேசைக்கு. அதிகாரியின் பெயர்ப்பலகையில் வென் என்று இருந்தது. நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக் குடுவையில் சாமந்திப்பூத் தேநீர். நான் மொழிபெயர்க்கலாமா என்று கேட்டதற்கு, உட்காருங்கள் என்று இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். என் பெயரையும் மாணவர் அட்டை எண்ணையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அக்கா மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். நான் கூட்டாமல் குறைக்காமல் சீனத்தில் சொன்னேன். வென் மேடம் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பள்ளியின் பிள்ளைகள் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

“பிள்ளைங்களுக்கு என்னைத் தெரியாதுன்னு சொல்லு” என்றாள் அக்கா.

மேலாளர் கொடுத்த மூன்றில் இது கிடையாது. அவளே சேர்த்தது. நான் அப்படியே சொன்னேன். சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“ஜோவி டீச்சர்!”

இளஞ்சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண் வரிசையிலிருந்து ஓடி வந்தாள். தோதோ. ஐந்து வயது. அக்காவின் வகுப்பில் முதல் பெஞ்சு. மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

இங்கே மார்ச் 14ஆம் தேதியைப் பற்றி எழுத வேண்டும்.

அன்று அக்காவுக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். ஆள் இல்லையென்றால் அந்த மாதத்துக்குள் வேறு ஆள் பார்ப்பேன் என்று லியாவ் மேடம் சொல்லிவிட்டார். அக்காவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நான் போனேன். அக்கா எழுதிக்கொடுத்த பாட்டும் படங்களும் மாலை வரை தாங்கின. கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டில் நாங்கள் பெரியவர்களிடம் செய்வதைச் சொல்லிக்கொடுத்தேன். கையைக் கேட்டு, வாங்கி, அதன் புறத்தை நெற்றியில் வைத்துக்கொள்வது. மானோ.

சட்டமும் சொல்லிக்கொடுத்தேன். நான் எதையும் அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று நினைப்பவள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. குனிந்து காத்திருக்க வேண்டும். பெரியவர் கொடுத்தால்தான் கை.

அன்றையிலிருந்து அந்த வகுப்பு முழுதும் வீட்டுக்குப் போகும்போது அக்காவிடம் மானோ வாங்கித்தான் போகிறது. அன்று என் பச்சை நோட்டில், இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்றாக இருக்கிறது’ என்று போட்டுக்கொடுத்தார்.

தோதோ காத்திருந்தாள்.

அக்காவின் வலது கை மேசைமேல் இருந்தது. வென் மேடம் அந்தக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அசையாமல் இருந்தால் போதும். குழந்தை ஆள் மாறி வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டுக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று சிரித்துவிடலாம். நான் அந்த வாக்கியத்தைச் சீனத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா கையைக் கொடுத்தாள்.

தோதோ அதை நெற்றியில் வைத்துக்கொண்டாள். “கடவுள் ஆசீர்வாதம்” என்று அக்கா எங்கள் மொழியில் சொன்னாள். தினமும் மாலை சொல்வது. வாய் தானாகச் சொல்லியிருக்கும்.

அதற்குள் தோதோவின் அப்பா மூச்சு வாங்க வந்துவிட்டார். மேசையில் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அதிகாரியின் சீருடையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். நல்ல மனிதர். “பக்கத்து வீட்டுக்காரங்க மேடம். பழக்கம்” என்றார்.

“இல்லப்பா” என்றாள் தோதோ. “பக்கத்து வீட்டுல ஆமை வளக்கிற தாத்தாதான இருக்காரு. இவங்க எங்க இங்கிலீஷ் டீச்சர்.”

அப்பா அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். வென் மேடம் நாற்காலியை விட்டு இறங்கி, குழந்தையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். குரலில் அதட்டல் இல்லை.

“இந்த வணக்கம் அழகா இருக்கே. யாரு சொல்லிக்குடுத்தா?”

தோதோ என் பக்கம் விரல் நீட்டினாள். “அந்த சுருட்டைமுடி டீச்சர்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. வென் மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தது தெரிகிறது. குழந்தையை அப்பா இழுத்துக்கொண்டு போவது தெரிகிறது. ஆனால் அக்கா பேச ஆரம்பித்தது எப்போது என்று தெரியவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“சொல்லு நெரி. நாலு வருஷமா அந்தப் பள்ளிக்கூடத்துல வகுப்பு எடுக்கிறது நான்தான்னு சொல்லு. இவ இந்த வணக்கம் வைக்கிற வீடியோவ வகுப்புல போட்டுக் காட்டினேன், அதப் பாத்துட்டு குழந்தை சொல்லுது. இவ அங்க காலே வச்சதில்ல. சொல்லு.”

அவள் பிடியிலிருந்து முழங்கையை உருவப் பார்த்தேன்.

“சொல்லுடி.”

நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சீனத்தில் சொன்னேன். என் அக்கா தன்னைக் காட்டிக்கொடுத்ததையும், நான் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை என்ற பொய்யையும், இரண்டையும் என் வாய்தான் சொன்னது. வகுப்பில் என் உச்சரிப்பைப் பற்றி ஆசிரியர் எப்போதும் குறை சொல்வார். இன்று அது சுத்தமாக வந்தது.

வென் மேடம் தேநீர்க் குடுவையை மூடினார். பாஸ்போர்ட்டை எடுத்து ஓர் உறைக்குள் போட்டுவிட்டு, அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். பிறகு, அக்காவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துப் பேசினார்.

“நாளைக்குக் காலைல ஒம்பது மணி. எங்க மொழிபெயர்ப்பாளர் வருவாரு. இன்னிக்குப் பேசினது வெறும் பேச்சு. நாளைக்குச் சொல்றதுதான் எழுத்துல ஏறும், அதுக்குக் கீழதான் கையெழுத்து. செஞ்சது தப்புன்னா அபராதம் இருக்கும், ஊருக்கும் அனுப்பலாம். அது மேல இருக்கறவங்க முடிவு. ஆனா கையெழுத்து போட்டப்புறம் அதுல ஒரு வரி பொய்னு தெரிஞ்சா, பல வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர முடியாது. அக்காவுக்கு இத அப்படியே சொல்லிடுங்க. நீங்களும் யோசிங்க.”

அக்காவுக்கு அப்படியே சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. இன்று நான் மொழிபெயர்ப்பில் விட்டது அந்த ஒன்றுதான்.

வெளியே கூரைக்கு அடியில் மழை விடட்டும் என்று நின்றோம். அக்கா ரசீதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

“கைய ஏன் குடுத்த?”

“குனிஞ்சிட்டாளே.”

“சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்.”

“அவ அத்தன பேருக்கு முன்னாடி குனிஞ்சு நிக்கிறா. நான் யாரோன்னு கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? பதினேழு தடவ பின்கதவால ஓடியிருக்கேன் நெரி. அதெல்லாம் பெரியவங்களுக்குப் பயந்து. பிள்ளைகிட்டருந்து ஓடினதில்ல.”

மழை விடவில்லை. நனைந்துகொண்டே பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்தபோது அத்தானுக்குப் பாதி தெரிந்திருந்தது. தோதோவின் அப்பா பயந்துபோய்ப் பள்ளிக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு மணிக்குள் அக்காவைப் பள்ளிக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். லியாவ் மேடத்தின் எண்ணுக்கு எங்கள் மூன்று பேர் போனிலிருந்தும் அழைப்பு போகவில்லை. நிறுவன மேலாளரின் போன் அணைந்து கிடந்தது. பள்ளிக் காவலாளி மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். டீச்சரின் செருப்பு, தேநீர்க் கோப்பை, உகுலேலே மூன்றும் வாசல் அறையில் இருக்கின்றன, இருட்டுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அத்தான் போய் எடுத்துவந்தார். அந்தக் குட்டிக் கிட்டாரில் ஒரு நரம்பு அறுந்திருந்தது. அது நேற்றே அறுந்தது என்றாள் அக்கா.

புதிய பள்ளிக்கும் அக்காவே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். வழக்கு பதிந்துவிட்டால் எங்களால் விண்ணப்பிக்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள், பிறகு எப்போதாவது எல்லாம் சரியாகி மறுபடி வர முடிந்தால் எங்களை மறக்காதீர்கள் என்றார்கள். அக்கா நன்றி சொல்லி வைத்தாள்.

நாலு மணிக்கு ஊரிலிருந்து ரிக்காவின் வீடியோ கால் வந்தது. அவள் எப்போதும் செய்வது போல நெற்றியைக் கேமராவின்மேல் வைத்து அழுத்தினாள். திரை முழுக்க இருட்டு. அக்கா கையின் புறத்தைப் போனில் வைத்தாள்.

“அம்மா, என் பையில ரெண்டு டிரஸ் எடுத்து வச்சிட்டேன்.”

“இப்பவே வைக்காத தங்கம். கசங்கிரும்.”

“அப்ப எப்ப வைக்கணும்?”

“அம்மா சொல்றேன்.”

போனை வைத்த பிறகு அக்கா அழவில்லை. மீந்திருந்த இலைச் சோற்றை எடுத்துக் குப்பையில் போட்டாள். அவள் சாப்பாட்டைக் கொட்டி நான் இதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் அத்தான் தன் போனை என்னிடம் நீட்டினார். அக்காவுக்குத் தெரியாமல் என்று நினைத்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பள்ளியின் விளம்பரப் பக்கத்தில் இருபத்தாறு விநாடி வீடியோ. ‘உலக நாடுகளின் நல்ல பழக்கங்கள், எங்கள் வகுப்பறையிலேயே’ என்று மேலே எழுதியிருந்தது. வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொருவராகக் குனிகிறார்கள். கை கொடுப்பது அக்கா இல்லை. ஏப்ரன் கட்டிய சுருட்டைமுடிக்காரி. வகுப்பறைக் கேமராவில் எடுத்தது. மூலையில் தேதி இருந்தது. மார்ச் 14. பார்த்தவர்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு இன்றுதான் தெரியும்.

“அழிக்கச் சொல்ல முடியாதா?” என்று கேட்டேன்.

“யாருகிட்ட சொல்றது? அந்தம்மா போனே போகல.” அத்தான் குரலைத் தணித்தார். “ஜோவி, இத அவங்க பாக்க ஒரு நிமிஷம் ஆகாது. நாளைக்கு நீ அந்த வரியில கையெழுத்து போட்டா அபராதத்தோட நிக்காது. உண்மையச் சொல்லிட்டு ஊருக்குப் போனா, ஒரு வருஷம் கழிச்சாவது திரும்ப முயற்சி பண்ணலாம். ரிக்காவுக்கு ஏதாவது ஒண்ண மிச்சம் வை.”

“உண்மையச் சொன்னா இவ?”

அத்தான் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

“இவளுக்குப் பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு. இவளையும் பெட்டி கட்டச் சொல்றீங்களா? போறதுக்கு ஒருத்தி போதும். அவங்க வீடியோ பாக்காமலும் இருக்கலாம்.”

“பாக்காமலும் இருக்கலாம்” என்று அத்தான் திருப்பிச் சொன்னார். அவர் அதை நம்பவில்லை. அக்காவும் நம்பவில்லை. ஆனால் அவள் என் பக்கம் திரும்பி, நாளைக்கு நீ வராதே, அங்கே மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று முடித்துவிட்டாள். சின்ன வயதில் ஆற்றில் நான் ஆழத்துக்குப் போகும்போது கூப்பிடுகிற அதே குரல். நான் சரி என்றேன்.

ஆறரை மணிக்கு வகுப்பு. போக வேண்டுமா என்று யோசித்தேன். வராத நாள் மாணவர் பதிவேட்டில் ஏறும், அதுவும் விசாவைப் பாதிக்கும். பழக்கத்தில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். பாதி வழியில்தான், இனி அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது.

ஆசிரியர் பான் சாருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். இன்றைக்குத் தலைப்பு ‘எனக்குப் பிடித்த பருவம்’. மற்றவர்கள் இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதினார்கள். நான் பச்சை நோட்டில் ஐந்து வரி எழுதினேன்.

மார்ச் 14 அன்று அந்த வகுப்பை எடுத்தது நான். என் அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். நான் மாணவர் விசாவில் இருக்கிறேன், செய்யக் கூடாது என்று தெரிந்துதான் செய்தேன். நேற்று அவள் சொன்னது என்னைக் காப்பாற்ற. அதை மொழிபெயர்த்ததும் நான்.

நாளை படிக்கும்போது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ‘நேற்று’ என்று போட்டேன்.

பான் சார் வரிசையாக நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் மேசையில் சிவப்புப் பேனாவைத் திறந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

“இது பயிற்சியா?”

“இல்ல சார். நாளைக்குக் காலைல வேணும்.”

அவர் பேனாவை மூடினார். பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி 73ஆம் பக்கத்தில் நிறுத்தினார். ஜனவரி முதல் நாளிலிருந்து நாளுக்கு ஒரு பக்கம், மேலே எண் போட்டு எழுதுகிறேன். மார்ச் 14. அவர் கையால் எழுதிய ‘நன்றாக இருக்கிறது’.

“இதையும் அவங்க படிப்பாங்க” என்றார்.

அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாணவி வேலை செய்ததை அவர் அன்றே படித்திருக்கிறார். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போட்டிருக்கிறார்.

“கிழிச்சிடவா சார்?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மழைத்தண்ணீர் ஜன்னல் இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் யாரோ ஒரு டம்ளரை வைத்திருந்தார்கள்.

“எண் போட்டிருக்கியே. ஒண்ணு குறைஞ்சா தெரியும்” என்றார். பிறகு ஐந்து வரி இருந்த பக்கத்துக்குத் திரும்பி, “இதுல திருத்த ஒண்ணுமில்ல” என்று நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

இந்த ஆறு மாதத்தில் அவர் எதையும் திருத்தாமல் கொடுத்த பக்கம் இது ஒன்றுதான். மதிப்பெண் போடவில்லை.

இடைவேளையில் இதை எழுதி முடிக்கிறேன். நான் செய்யப்போவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா எனக்காகச் சொன்ன ஒன்றை நான் திருப்பிக் கொடுக்கிறேனா, அவள் காலில் போட்டு உடைக்கிறேனா, அதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னாலும் அவளுக்கு இந்த ஆகஸ்ட் கிடையாது. எனக்குப் பரீட்சை கிடையாது. மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அக்கா பொய்யின் கீழ் கையெழுத்துப் போட்டால், ரிக்கா பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும்கூட இந்தக் கதவு திறக்காமல் போகலாம்.

குனிந்து காத்திருக்க வேண்டும் என்று நான்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அக்கா கையைக் கொடுத்தாள்.

73ஆம் பக்கத்தில் இன்றைய பேருந்துச் சீட்டை அடையாளமாக வைத்திருக்கிறேன்.

நாளை செய்ய வேண்டியது: அக்காவுக்கு முந்தி ஏழே முக்கால் பேருந்தைப் பிடித்து, ஒன்பது மணிக்குள் வென் மேடத்தின் மேசையில் பச்சை நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டும்.